நாற்பத்து மூன்று பேரில் மாமனார் யார்?

ஒன்பதாவது தடவையாகப் படத்தை நிறுத்திவிட்டு, திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, விமர்சகர் மறுபடியும் எண்ணினார். நாற்பத்து மூன்று பேர். ஒரே விண்கலம், ஒரே கூடம், அதற்குள் நாற்பத்து மூன்று பேர். கொம்பு வைத்தவர், செதில் வைத்தவர், ஆறு கைக்காரர், தலைக்குப் பதில் மீன்தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டவர், நட்டநடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் செத்துக்கிடக்கும் தளபதி என்று அப்படி ஒரு நெரிசல். இந்தக் கூட்டத்தில் ஒருவர் அவருடைய மாமனார். எவர் என்பதுதான் தெரியவில்லை.

மாமனார் முப்பத்து நான்கு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற மறுநாளே நடிப்பு ஆசை வந்துவிட்டது. ஏறி இறங்காத கம்பெனி இல்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் விண்வெளித் தொடரில் கூப்பிட்டார்கள். என்ன வேடம் என்று கேட்டதற்கு, "முக்கியமான வேடம். பாத்தா உங்களுக்கே தெரியும்" என்பதோடு வாயை மூடிக்கொண்டார்.

பார்த்தார்கள். மாமனார் வீட்டில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேருக்கும் முகமூடி, இல்லாவிட்டால் முகம் நிறைய வர்ணம். படம் முடிந்ததும் மாமனார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் விமர்சகர்தான் முதலில் வாயை விட்டார். "பிரமாதம் மாமா. வந்த உடனே கண்டுபிடிச்சிட்டேன்."

அவர் ஆரம்பித்து வைத்த பொய்யை மனைவியும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சொந்த அப்பாவைத் தெரியாதா என்றாள் மனைவி. மச்சான் கையே தட்டிவிட்டான். மாமனார் "ம்ம்" என்றார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து மனுஷன் சரியில்லை. காலை நடையை நிறுத்திவிட்டார். தட்டில் பாதி அப்படியே இருக்கிறதாம். மனைவிக்கு மூன்று நாளாக அதே புலம்பல். "உங்க பத்திரிகையில அப்பாவப் பத்தி ரெண்டு வரி வந்தா தேறிடுவாருங்க. அதுகூடச் செய்ய மாட்டீங்களா?"

அங்கேதான் சிக்கல். பதினோரு வருஷமாக யாரையும் பாராட்டியறியாத பேனா நம் விமர்சகருடையது. அதற்காகத்தான் வாசகர்கள் படிக்கிறார்கள். போதாக்குறைக்கு ஆசிரியர் வேறு, இந்த வார நெரிசலை ஊரே திட்டுகிறது, கிழித்துத் தொங்கவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். புதன்கிழமை மாலை நான்கு மணிக்குள் நானூறு வார்த்தை வேண்டும். நாற்பத்திரண்டு பேரைக் கிழிக்கலாம், ஆட்சேபம் இல்லை. மிச்சம் ஒருவரைத் தெரியாமல் கிழித்துவிட்டால் அப்புறம் வீட்டில் சோறு கிடைக்காது.

புதன் காலை, காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பதுபோல் ஆரம்பித்தார். உங்கப்பா எந்தக் காட்சியில் ரொம்ப நன்றாகச் செய்தார் என்று நினைக்கிறாய்? அவள் கத்தியை நிறுத்தாமல், நீங்கள் சொல்லுங்கள் என்றாள். நீ முதலில் சொல் என்றார். இப்படியே இரண்டு கேரட் தீர்ந்தது. கடைசியில் அவள், அந்த ஆறு கைக்காரரின் நடையைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றாள்.

விமர்சகர் ஓடிப்போய் ஆறு கைக்காரரை இரண்டு வரி புகழ்ந்து எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று மச்சானுக்குப் போன் போட்டார். அதுதான் தப்பு.

"என்ன அத்தான், இதுகூடவா சந்தேகம்? தங்கக் கிரீடம் வச்சுக்கிட்டு 'கதவைத் திற'ன்னு சொல்வாரே, அவருதான். குரலே காட்டிக்கொடுத்துடுச்சே."

கிரீடக்காரருக்கும் இரண்டு வரி சேர்ந்தது. அப்புறம் மீன்தொட்டிக்காரரைப் பார்த்தால் அவர் முழங்கையைச் சொறிந்த விதம் மாமனாரைப் போலவே இருந்தது. அவருக்கும் இரண்டு வரி. செதில்காரரை மட்டும் விடுவானேன்? எவரை விட்டாலும் அவரே மாமனாராக இருந்து தொலைத்தால்? ஒரு மணிக்கு அவர் எழுதி அனுப்பியதில் நாற்பத்திரண்டு பேருக்கும் பாராட்டு இருந்தது. செத்துக்கிடந்த தளபதியை மட்டும் சேர்க்கவில்லை. பிணத்தை என்ன சொல்லிப் பாராட்டுவது?

பத்து நிமிஷத்தில் ஆசிரியர் கூப்பிட்டார். குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை.

"இது விமர்சனமா, வருகைப் பதிவேடா? எபிசோடைவிட உங்க கட்டுரையில கூட்டம் அதிகமா இருக்கே. நாலு மணிக்குள்ள ஒழுங்கா ஒன்னு வரலேன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் பக்கத்துல குறுக்கெழுத்துப் போட்டுடறேன்."

இனி ஒரே வழிதான். விமர்சகர் தொண்டையைச் செருமிக்கொண்டு மாமனாருக்கே போன் செய்தார். நேராகக் கேட்க முடியாது, ஞாயிற்றுக்கிழமைப் பொய் குறுக்கே நின்றது. உடம்பு எப்படி என்று விசாரித்து, சுற்றி வளைத்து, அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீர்களே என்று தூண்டில் போட்டார்.

"உடுப்புல என்ன கஷ்டம் மாப்பிள்ளை. முதுகுதான் போச்சு. வெறும் பலகை. காலையில படுக்க வச்சது, சாயங்காலம் வரைக்கும் படுத்தே கிடந்தேன்."

படுத்தே! அந்தக் கூட்டத்தில் படுத்திருந்தது ஒரே ஆள்தான். முகமெல்லாம் வெள்ளிப் பூச்சு, இடுப்பு வரை தாடி, கண்ணாடிப் பெட்டிக்குள் தளபதி.

"படுத்த பிறகு என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாது" என்றார் மாமனார். பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "ஒருத்தரும் அதப் பத்தி ஒன்னும் சொல்லல மாப்பிள்ளை. பரவாயில்ல. விடுங்க" என்றார்.

விமர்சகருக்கு நெஞ்சு கனத்துவிட்டது. வேடத்துக்குள் போய்விட்டால் சுற்றி நடப்பதே தெரியாத நடிகர் இந்தக் குடும்பத்திலேயே இருக்கிறார், அவரைப் பிணம் என்று ஒதுக்கிவிட்டோமே! படத்தை மறுபடி ஓட்டி, பெட்டியை மட்டும் பார்த்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், உண்மையாகவே நன்றாக இருந்தது. மனசாட்சிக்கு ஒரு கீறலும் இல்லாமல் எழுத உட்கார்ந்தார்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. மாமனார் எட்டு மணிக்கே நான்கு பிரதிகளோடு வந்து நின்றார். படிக்கும் கண்ணாடியைப் படப்பிடிப்பிலேயே விட்டுவிட்டாராம். கம்பெனி வேன் டிரைவர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னதால் இந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தார். அதனால் மகளையே உரக்கப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள்:

"அரை மணி நேரத்தில் நாற்பத்திரண்டு பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு வரி பேசிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். ஒரே ஆள் பேச வேண்டிய வசனத்தைக் கிழித்து ஆளுக்கொரு துண்டாகக் கையில் திணித்ததுபோல் இருக்கிறது. இந்தத் தள்ளுமுள்ளில் நடிகர் என்று சொல்லத்தக்கவர் ஒருவர்தான்: கண்ணாடிப் பெட்டிக்குள் இறந்துகிடக்கும் தளபதி. எட்டு நிமிடம் இமைகூட அசையவில்லை. அவரைக் காட்டும்போதெல்லாம் ஒலிக்கும் விண்கல எஞ்சினின் உறுமலும் அபாரம்."

படித்து முடித்துவிட்டு அவள் புருஷனைப் பார்த்த பார்வையில் ஆறு கைக்காரர் அடியோடு மறந்துபோயிருந்தார். மாமனார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை 'இமைகூட' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி அங்கிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

"அசையாம கிடக்கறது லேசு இல்ல மாப்பிள்ளை" என்றார். "எல்லாராலயும் முடியாது."

அன்றைக்குத் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நெஞ்சில் பத்திரிகையை விரித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். மனைவி கதவோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நல்ல மனுஷனைச் சந்தோஷப்படுத்திவிட்டோம், அதுவும் உண்மையைச் சொல்லியே, என்று விமர்சகருக்கும் பெருமை பிடிபடவில்லை. பதினோரு வருஷமாக இந்தச் சுகம் தெரியாமல் போயிற்றே.

அழைப்பு மணி அடித்தது. வேன் டிரைவர். கையில் கண்ணாடிக் கூடு. பெட்டிக்குள் தலைமாட்டில் கிடந்ததாம். விமர்சகர் அவரை உள்ளே கூப்பிட்டு, பத்திரிகையின் இன்னொரு பிரதியை எடுத்துக் காட்டினார். டிரைவர் நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய புருவம் மேலே ஏறிக்கொண்டே போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து எழுந்து, உறுமி, கொஞ்சம் நின்று, மறுபடி உறுமியது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று விமர்சகர் திரும்பினார். சோபாவில் மாமனாரின் நெஞ்சின் மேல் பத்திரிகை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கும் இதே சத்தம்தான் சார், பெட்டியிலேருந்து உயிரோட எழுந்து நாப்பத்திரண்டு வரி வசனம் பேச வேண்டியவரு இவரு, எழுப்பி எழுப்பிப் பாத்துட்டுத்தான் டைரக்டர் ஆளுக்கு ஒரு வரின்னு நாப்பத்திரண்டு பேர வேன்ல ஏத்திட்டு வரச் சொன்னாரு."