கணேஸ் மாமாவின் பவளங்கள் நிற்கின்றன

புக்கிட் பெலிம்பிங்,
வெள்ளிக்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய கணேஸ்வரன் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் துளசி பணிவுடன் எழுதிக்கொள்வது. இக்கடிதத்தில் நடந்தது அனைத்தையும் நடந்தபடியே எழுதுவேன், எதையும் மறைக்கவோ அழகாக்கவோ மாட்டேன் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். பிந்துலுவில் தாங்களும் தங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னார். இங்கே நானும் அப்பாவும் அம்மாவும் தங்கள் மீன்களும் நலம். பவளங்களைப் பற்றி ஒரே வரியில் எழுத முடியவில்லை.

வேலை மாற்றலாகிப் போகும்போது தங்கள் கடல்நீர்த் தொட்டியை எங்கள் வரவேற்பறையில் வைத்துவிட்டுத் தாங்கள் சொன்ன நிபந்தனையை நான் மறக்கவில்லை. தீபாவளிக்கு வரும்போது ஒரு பவளமும் விழாமல் வைத்த இடத்தில் நின்றால் தொட்டி எனக்கே சொந்தம். இல்லையென்றால் கோலா குபு பாருவிலிருந்து தங்கள் நண்பர் காளியண்ணன் அங்கிள் லோரியில் ஏற்றிக்கொண்டு போவார். அவர் அதற்குள் இருமுறை தொலைபேசியில் அழைத்து, "சும்மாதான்மா கேக்குறேன், தொட்டி நீளம் எவ்ளோ இருக்கும்?" என்று விசாரித்துவிட்டார். வரும் ஞாயிறு நேரில் பார்க்க வருகிறாராம். அதிலிருந்து எனக்குப் பாடம் ஓடவில்லை. காலையில் விளக்குப் போட்டதும் மூடிக் கிடந்த பவளங்கள் ஒவ்வொன்றாக விரிவதைப் பார்த்துப் பழகிவிட்டு, இனி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பசியாறுவது என்று தெரியவில்லை. படம் எடுத்து அனுப்பினால் போதாதா என்பீர்கள். அப்பாவும் அதைத்தான் சொன்னார். "விழுந்தத ஓரமா தள்ளிட்டு மத்தத மட்டும் பிடிச்சு அனுப்புலா. ஃபோட்டோல என்னா தெரியப் போவுது?" ஆகவேதான் கடிதம் எழுதி அதைப் படம்பிடித்து அனுப்புகிறேன். இதில் எதையும் ஓரமாகத் தள்ள முடியாது.

முதலில் விழுந்தது தாங்கள் மிகவும் விரும்பும் ஊதாநிறக் கிளைப்பவளம்தான். பள்ளி விட்டு வந்து பார்த்தால், கட்டைவிரல் அளவுள்ள அது மணலில் தலைகீழாகக் கிடந்தது. எடுத்துப் பாறை இடுக்கில் செருகினேன். மறுநாள் காலையில் மீண்டும் மணலில். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் என்பது தங்களுக்குத் தெரியும். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எது விழுந்தாலும் காரணம் போல்ட் இல்லாததுதான். துளையிடும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உப்பு நீரில் இரும்பு கரைந்தால் பவளங்கள் செத்துவிடும் என்று நான் குறுக்கே நின்றேன். "அப்ப கேபள் டை போடுவோம். அது பிளாஸ்டிக்தான, அதுக்கும் ஒன் புக்குல எதாச்சும் எழுதியிருக்கா?" என்றார். எழுதியிருக்கவில்லை. கறுப்புப் பட்டையால் பவளத்தைப் பாறையோடு சேர்த்து இறுக்கிவிட்டார். கைவிலங்கு மாட்டியது போல இருந்தாலும், நின்றது. மறுநாள் அது பாறைத்துண்டோடு சேர்ந்து விழுந்து கிடந்தது.

பிறகுதான் தாங்கள் இழுப்பறையில் விட்டுச்சென்ற பசையையும், இரண்டு நிறத்தில் இருக்கும் ஒட்டுமாவையும் எடுத்தோம். இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை பிசைய வேண்டும் என்று உறையில் போட்டிருந்தது. நான் கையுறை தேடிக்கொண்டிருந்தபோது அம்மா வாங்கிக்கொண்டார். "மாவு பெசையிறதுக்குக் கூடவா என் தம்பி ஒனக்குக் கிளாஸ் எடுத்துட்டுப் போயிருக்கான்? தள்ளு." மாவு கையில் ஒட்டவே, முறுக்குக்குச் செய்வது போலத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டார். அருமையாக வழவழவென்று உருண்டு வந்தது. அம்மா கையில் ஒட்டவில்லை, பவளத்திலும் ஒட்டவில்லை, பாறையிலும் ஒட்டவில்லை. நீரின்மேல் வட்ட வட்டமாக எண்ணெய் மிதந்தது. மீன்கள் மேலே வந்து பார்த்துவிட்டுப் போயின. சமையலறைத் தாளைப் பரப்பி அதை ஒற்றியெடுக்க ஒரு மாலை முழுதும் ஆயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி ஆன்டி கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "எம்மாடி, கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது திலகா," என்று அம்மாவிடம் சொல்லி, தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்தார். மறுநாள் காலை மூன்று பவளங்கள் விழுந்திருந்தன. அம்மாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துத் தொட்டியைச் சுற்றி, மிளகாயை அடுப்பில் போட்டார். யாருக்கும் இருமல் வரவில்லை. "பாத்தியா, நெடியே இல்ல. அம்புட்டும் கண்ணு." மிளகாய் குளிர்ப்பெட்டியில் கிடந்து ஈரமாகியிருந்ததை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, தங்களிடம் சொல்கிறேன். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டுமல்லவா? நான் குளியலறையிலிருந்து ஓடிவருவதற்குள் கரைத்துவிட்டார், தொட்டியிலேயே. "அதுவும் உப்புத்தண்ணிதானடி. உப்போட உப்பா போவட்டும்." உடனே தங்கள் கருவியை வைத்து உப்பின் அளவைச் சோதித்தேன், பெரிதாக ஏறவில்லை. ஆனாலும் மனம் கேட்காமல் கொஞ்சம் நீரை மாற்றினேன். கண்ணேறு எவ்வளவு இறங்கியது என்பதை அந்தக் கருவி காட்டுவதில்லை.

நேற்று வரலாற்றுப் புத்தகத்தோடு தொட்டியின் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டேன். பொழுது சாய்ந்து வெள்ளை விளக்கு அணைந்து, நீல விளக்கு மட்டும் எரியத் தொடங்கியதும் நத்தைகள் புறப்பட்டன. பாசி தின்பதற்காகத் தாங்கள் விட்டிருக்கும், எலுமிச்சம்பழம் அளவுள்ள நத்தைகள்தான். பகலெல்லாம் கல்லோடு கல்லாக இருந்துவிட்டு, இருட்டியதும் எதிரே என்ன நிற்கிறது என்ற கவலையே இல்லாமல் ஏறிப் போகின்றன. என் கண்ணெதிரிலேயே ஒன்று ஊதாப் பவளத்தைத் தோளால் நெட்டித் தள்ளிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சென்றது. அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா வெகு மரியாதையோடு பார்த்தார். "நத்தையா இது? ஃபார்க்லிஃப்ட்லா." அம்மாதான் சற்று ஏமாந்துபோனார். "அப்ப புஷ்பவள்ளி கண்ணு இல்லியா?"

(இந்த இடத்தில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீர் இன்னும் கலங்கலாக இருக்கிறது, காரணத்தைக் கீழே எழுதுகிறேன். மணலில் எதுவும் விழுந்திருக்கவில்லை.)

நத்தைகளை எடுத்துவிட்டால் பாசி மண்டிவிடும். ஆகவே இன்று அப்பா விடுப்பு எடுத்தார். நான் பள்ளியிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் முறைப்படி செய்தோம். பவளத்தின் அடியைத் துடைத்து உலர்த்தி, பசை வைத்து, அதன்மேல் எண்ணெய் தொடாமல் நானே பிசைந்த மாவை வைத்து, அதன்மேல் மீண்டும் பசை வைத்துக் கொடுத்தேன். அப்பா தோள்வரை கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக ஒட்டினார். மாவு கரைந்து நீர் பால் கலந்த தே தாரிக் தேநீர் போலக் கலங்கிவிட்டதால், ஊதாப் பவளத்துக்கு மட்டும் தடவித் தடவித்தான் இடம் தேட வேண்டியிருந்தது. "ஆங், கெடைச்சிருச்சி. நல்லா சொரசொரன்னு இருக்கு, ரவுண்டா, தோதான கல்லு," என்று அழுத்திப் பிடித்துக்கொண்டார். தொலைக்காட்சியில் செய்தி முடியும்வரை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "இனிமே செலாங்கூர் ஆறே உள்ள வந்தாலும் ஆடாது. மச்சான்கிட்ட எழுது," என்றார். எழுதிவிட்டேன்.

ஆகவே மாமா, தங்கள் பவளங்கள் அனைத்தும் உறுதியாக நிற்கின்றன என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். காளியண்ணன் அங்கிள் ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு தூரம் வந்து சிரமப்பட வேண்டாம் என்று தாங்களே அன்போடு சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். அப்பா தங்களை விசாரித்தார். நேரத்துக்குச் சாப்பிடும்படி அம்மா சொன்னார். தங்கள் ஆசியை இங்கிருந்தே தலைகுனிந்து பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள மருமகள்,
துளசி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு நீர் தெளிந்துவிட்டது. ஊதாப் பவளம் பாறையில் இல்லை. மணலிலும் இல்லை. முன்பக்கக் கண்ணாடியில், பாதி உயரத்தில், எல்லாக் கிளைகளையும் விரித்துக்கொண்டு மிகுந்த ஆரோக்கியத்தோடு மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு அடியில் இரண்டு சின்னக் கொம்புகள் அசைகின்றன. அப்பா ஒட்டியது கல்லில் இல்லை, மாமா. கழற்றப் பார்த்தோம், வரவில்லை. ஆலையில்கூட இவ்வளவு உறுதியாக எதையும் பொருத்தியதில்லை என்கிறார் அப்பா. "நான் ஒட்டுனது ஒட்டுனதுதான். கல்லு நடந்தா நான் என்னா பண்றது?"

இந்தப் பின்குறிப்பை எழுதாமலே அனுப்பியிருக்கலாம் என்று அம்மா சொல்கிறார். நிபந்தனையை மட்டும் தாங்கள் இன்னொருமுறை எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். பவளம் விழவில்லை. வைத்த இடத்தில்தான் நிற்கிறது. இடம்தான் நிற்கவில்லை.

அது இப்போது கண்ணாடியிலிருந்து பாறைக்குத் திரும்பி, கிளைகளை முன்னால் நீட்டிக்கொண்டு மற்ற பவளங்களை நோக்கிப் போகிறது. அவற்றில் முதலாவதை எட்டிவிட்டதா என்று பார்த்து எழுத நினைத்தேன். அதற்குள் அம்மா தொட்டியின் விளக்குகளை அணைத்துவிட்டார்.