மச்சாளைக் காணாத மெசின்

படித்த படிப்பைச் சொந்தக்காரர் முன்னால் செய்து காட்டக் கூடாது. இந்தப் புத்தி எனக்குப் பட்ட பிறகுதான் வந்தது.

சண்டைக் காலம். வந்தாறுமூலைக் கம்பஸில் எனக்கு இறுதி வருடம். மூளை நரம்புகளைப் போலப் பின்னிய கணக்கொன்றைக் கம்ப்யூட்டரில் எழுதி, அதற்கு உறவுமுறை பழக்குவதுதான் என் ஆய்வு. விதி எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. 'அம்மாவின் தங்கை, சின்னம்மா' என்று உதாரணங்களை மட்டும் காட்ட வேண்டும். பிள்ளை பேச்சுப் பழகுவதுபோல மெசின் தானாகப் பிடித்துக்கொள்ளும். (மூளையைப் பற்றி ஆய்வு செய்தவனுக்கு அது இருந்ததா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.)

உதாரணங்களுக்கு என் குடும்பத்தையே எடுத்தேன். ஆரையம்பதியில் அப்பாவின் தம்பிமார் வீடுகளையும், கல்குடாவில் மாமா வீட்டையும் ஒரு கொப்பியில் எழுதினேன். திரும்பும் வழியில், வீதிக் காவல் சென்றியில் நின்ற ஆமிக்காரர் கொப்பியைத் திறந்தார். பெயர், வயது, ஆளுக்கு ஆள் கோடு! ஏதோ இயக்கத்து ஆள்பட்டியல் என்று நினைத்துவிட்டார். மாமா வீட்டுப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு போகச் சொன்னார். உயிர் தப்பினது போதுமென்று சைக்கிளை மிதித்தேன்.

திரும்பப் போய் எழுதியிருக்கலாம். பயம். அந்தப் பயத்துக்கு உடனே ஒரு தத்துவமும் கண்டுபிடித்தேன்: காட்டாததையும் ஊகிப்பதுதானே இந்த மெசினின் கெட்டித்தனம்!

விரிவுரையாளர் சேர்மாருக்குச் செய்து காட்டும் நாளில் மாமா வந்துவிட்டார், மகள் வசந்தியோடு. அவளை எனக்குத் தரலாமா என்று பார்க்கத்தான் வந்தார். எனக்கோ வசந்தி என்றால் உயிர்.

"என்ட மகள் உனக்கு என்ன முறை எண்டு கேள் மனே," என்றார்.

'அம்மாவின் அண்ணன் மகள்' என்று தட்டினேன்; கட்டும் முறையான 'மச்சாள்' என்று வரவேண்டும். மெசின் கொஞ்சம் யோசித்தது. பிறகு திரையில் இங்கிலீஷ் எழுத்தில் வந்தது: தங்கச்சி.

சேர்மார் இருமினார்கள். மாமா இருமவில்லை.

"இதுக்கு ஆர் படிப்பிச்ச?"

"நான்தான் மாமா."

"அப்ப இது உன்ட மனசில இரிக்கிற கதைதானே?"

"இல்ல மாமா, நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கல்ல. அதுவாப் பழகினது."

"அது இன்னும் மோசம்." எழும்பிவிட்டார்.

வசந்திதான் கேட்டாள்: "மச்சான், இதுக்கு ஒரு மச்சாளையாவது காட்டினீங்களா?"

கிழிந்த பக்கங்களின் கதையைச் சொன்னேன்.

"மறுகா எப்படி அதுக்குத் தெரியும்? பாவம், அது கண்டதெல்லாம் தங்கச்சிதானே."

அன்று என் ஆய்வை விளங்கிக்கொண்டது அவள் ஒருத்திதான். மாமாவுக்கு வேறொன்று விளங்கியது.

"சென்றிக்குப் பயந்தா திரும்பி வரல்ல? உன்ட மெசினைப் பார்க்க நான் அஞ்சு சென்றி தாண்டி வந்திரிக்கன்."

கலியாணம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. அதுவரை ஞாயிறு தவறாமல் அத்தனை சென்றியும் தாண்டிக் கல்குடாவில் போய் முகம் காட்டினேன்.

இப்போது மகனின் போனில் பேசும் மெசின் ஏதாவது உளறினால், "அதுக்கும் ஆரும் மச்சாளைக் காட்டல்ல போல," என்பாள் வசந்தி. அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நான் எங்காவது போகப் பயந்து சாக்குச் சொன்னால், "சரி அண்ணா, நீங்க வீட்டிலயே இரிங்க," என்பாள்.

உடனே எழும்பிச் செருப்பைத் தேடுவேன்.