மக்டலீனின் நித்திரையும் அளவெட்டி வீடும்

சேசு மரி சூசை துணை

அளவெட்டி,
1937 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை.

குருநகர்ச் சம்மாட்டியார் இன்னாசித்தம்பி மாமா அவர்களின் சமுகத்துக்கு மருமகன் கனிசியஸ் தாழ்மையோடு எழுதிக்கொள்வது.

தேவகிருபையால் இங்கே நானும் உங்கள் மகள் சின்னத்தங்கமும் பேத்தி மக்டலீனும் சுகம். அங்கே நீங்களும், மாமியும், மாமியின் முழங்காலும், வள்ளங்களும், வலைகளும் சுகமாயிருக்க யாகப்பரை மன்றாடுகிறோம். பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பாரை மீன் பழுதாகாமல் வந்தது. மீனோடு சேர்த்துக் கட்டியிருந்த கடிதமும் வந்தது. எழுத்து கொஞ்சம் ஊறியிருந்தாலும் விஷயம் விளங்கியது. கோயிலுக்குப் பக்கத்திலே நல்ல தண்ணீர்க் கிணற்றோடு ஒரு வீடு பார்த்து, சொந்தக்காரனுக்கு வாக்கும் கொடுத்து, சுவருக்கு வெள்ளையும் அடிப்பித்து, இந்த மாத முடிவில் அளவெட்டி வீட்டின் தவணை முடிந்ததும் சாமான் சட்டியோடு வந்துவிடும்படி எழுதியிருக்கிறீர்கள். எந்த மாமன் மருமகனுக்கு இப்படிச் செய்வான்? வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. "வாறியோ?" என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. "வண்டில் எத்தினை வேணும்?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். இளவாலைக் கோயிலில் பூசை கண்டு வந்த கையோடு அதற்குப் பதில் எழுதக் குந்தியிருக்கிறேன். மாமா, இதை நின்றுகொண்டு வாசிக்க வேண்டாம். ஒரு கதிரையில் இருந்து, மாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும், இதைக் குறையாக எடுக்கக்கூடாது. இந்த வீட்டைத் தெரிவுசெய்தது நீங்கள். மூத்தவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டுச் சின்னத்தங்கம் பாயை விட்டு எழும்பாமல் கிடந்த காலத்தில் எனக்கு இங்கேயுள்ள தபாற்கந்தோருக்கு மாற்றம் வந்தது. "அவளுக்குச் சத்தம் சந்தடி இல்லாத இடம் வேணும்" என்று நீங்களே கூட வந்தீர்கள். இந்த வளவுக்குள் நின்று, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டீர்கள். ஒரு காகம் கரைந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. "தம்பி, பார், குருவி கொட்டாவி விட்டாலும் கேக்கும் போலை கிடக்கு. இதுதான் வீடு" என்று சொல்லி, அந்த இடத்திலேயே என்னை ஒரு வருஷ வாடகைச் சீட்டில் கையெழுத்து வைக்கச் சொன்னீர்கள். அது நல்லூர்த் திருவிழாக் காலம். ஊரில் நாதசுரம் ஊதுகிறவர், தவில் அடிக்கிறவர் ஒருவர் பாக்கியில்லாமல் கோயில்களுக்குப் போயிருந்தார்கள். அளவெட்டி நாதசுரம் என்று நானும் கேள்விப்பட்டதுதான், நீங்களும் கேள்விப்பட்டதுதான். ஆனால் அதைக் கோயிலில்தானே வாசிப்பார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். வீட்டிலும் பழகுவார்கள் என்று யார் கண்டது?

திருவிழா முடிந்தது, வண்டில்கள் வந்தன. அடுத்த நாள் கோழி கூவ முன்னம் முன்வீட்டில் ஒரு நாதசுரம், பின்வளவில் ஒரு நாதசுரம், இரண்டுக்கும் நடுவே பக்கத்து வளவில் எங்கள் வீட்டின் சொந்தக்காரர் பஞ்சலிங்கத்தாரின் தவில். நான் பாயில் படுத்திருந்ததும் தெரியும், முற்றத்தில் நின்றதும் தெரியும், இடையில் நடந்தது தெரியாது. சின்னத்தங்கம் வாசலில் நின்று, "இஞ்சருங்கோ, விடியமுன்னம் ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டாள். ஒருவருக்கும் கலியாணம் இல்லை என்பது மறுநாளும் அதற்கடுத்த நாளும் கேட்டபோதுதான் விளங்கியது. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் பஞ்சலிங்கத்தார் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அந்த மனிசன் தவிலை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கோ போஸ்மாஸ்ரர், வாங்கோ! இந்த வீட்டிலை எத்தினை பேர் குடியிருந்திட்டுப் போச்சினம், ஒருத்தரும் ஒரு நாளும் கேக்க வந்ததில்லை" என்று சொல்லி, உள்ளேயிருந்து கதிரையைத் தூக்கிவந்து தவிலுக்கு நேரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போட்டு என்னை இருத்தினார். அவருடைய மனைவி பராசக்தியக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. நான் வாயைத் திறந்தபோதெல்லாம் அவர் தவிலில் ஒரு தீர்மான அடி வைத்து முடித்தார். நான் வாயை மூடியபோது அடுத்ததைத் தொடங்கினார். கடைசியில் நான் எழும்பிச் சொன்னது, "மெத்த நல்லாய் இருந்தது, நாளைக்கும் வாறன்." அவ்வளவுதான் மாமா நான் கட்டிய முடிவு.

அதற்குப் பிறகு அந்தக் கதிரை எனக்கென்றே கிடந்தது. போகாவிட்டால் "மாஸ்ரருக்குச் சுகமில்லையோ?" என்று ஆள் வரும். கேட்கக் கேட்க அது கையிலும் ஏறிவிட்டது. கந்தோரில் கடிதங்களுக்கு முத்திரை குத்தும்போது கை தன்பாட்டில் தாளத்தில் குத்துகிறது. ஒருநாள் சனம் கடிதத்தை மறந்துவிட்டு நின்று பார்க்கிறது. கூட்டத்தில் நின்ற பஞ்சலிங்கத்தார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மாஸ்ரர், நல்லாய்த்தான் போகுது, ஆனால் முடிக்கேக்கை ஒண்டு குறையுது" என்றார். நான் குறைந்ததையும் போட்டு முடித்தேன். அந்தக் கடிதம் கொழும்புக்குப் போனது. ஒரு கடிதத்துக்கு ஏன் இத்தனை முத்திரை என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. மை மங்கலாக இருந்தது என்று எழுதிவிட்டேன். வேறு என்ன எழுதுவது?

சரி, இதெல்லாம் சிரிப்புக் கதை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

மாசியில் மக்டலீன் பிறந்தாள். பூனைக்குட்டி அளவுதான் இருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். பிறந்த நாள் தொடக்கம் அழுகை. பால் குடித்தாலும் அழுகை, குடிக்காவிட்டாலும் அழுகை. டொக்குத்தர் பார்த்தார், பரியாரியார் பார்த்தார், சுவாமியார் வந்து தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார், அவர் கையைத் தட்டிவிட்டு அழுதாள். நித்திரையில்லாத பிள்ளை எப்படித் தேறும் என்று எல்லோரும் கேட்டார்கள், எப்படித் தேற்றுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. சின்னத்தங்கம் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே இருப்பாள். மூத்தவன் போனதுபோல இவளும் போய்விடுவாளோ என்ற பயம். மாமா, அந்த நாட்களில் நான் கடவுளோடு கோபம். இப்போது சொல்லலாம்.

பிள்ளை பிறந்த வீடு என்று பஞ்சலிங்கத்தார் மரியாதைக்காகத் தவிலை உறையில் போட்டுத் தூக்கி வைத்துவிட்டார். சுற்றுவட்டாரத்துக்கே கட்டளை, ஒருவரும் ஊதக்கூடாது. நாங்கள் அவரைக் கும்பிட்டோம். ஒருநாள் பின்னேரம் அவருக்குக் கை பொறுக்கவில்லை. பிள்ளை எப்படியும் அழுகிறாள்தானே என்று நினைத்தாரோ என்னவோ, உறையைக் கழற்றி மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். இங்கே அழுகை அரைவாசியில் நின்றது. இன்னொரு தட்டு. மக்டலீன் கண்ணைச் சுழற்றினாள். அவர் பயந்து நிறுத்த, இவள் வீரிட்டாள். நான் சட்டையும் இல்லாமல் வேலியடிக்கு ஓடிப்போய், "அண்ணை, அடியுங்கோ! நிப்பாட்டாதையுங்கோ! நல்லாய் அடியுங்கோ!" என்று கத்தினேன். அவர் அடித்தார். பிள்ளை உறங்கினாள். பிள்ளை உறங்கினதைப் பார்த்துக்கொண்டே சின்னத்தங்கம் சுவரோடு சாய்ந்து உறங்கினாள். நான் முற்றத்தில் இருந்து அழுதேன். வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்டுக் கேட்டு அவளுக்கு அது பழகிவிட்டது என்று பராசக்தியக்கா சொன்னா. இருக்கும்.

உயிர்த்த ஞாயிறுக்குக் குருநகருக்கு வந்தபோது நடந்தது இப்போது விளங்கும். வந்ததிலிருந்து போகும்வரை பிள்ளை அலறினாள். நீங்கள் தோளில் போட்டுக்கொண்டு கரை முழுக்க நடந்தீர்கள். வலை இழுக்கிற அம்பாப் பாட்டுப் படித்தீர்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துத் தட்டினீர்கள். அவள் ஒரு கணம் நிறுத்தி, உங்கள் முகத்தைப் பார்த்து, பிறகு முன்னையிலும் பெரிதாக அழுதாள். "கண்ணூறு" என்று மாமி சொன்னா. கண்ணூறு இல்லை மாமா, தாளம். அதைச் சம்மாட்டியாருக்கு நேரே சொல்லுகிற துணிவு எனக்கு வரவில்லை.

திரும்பி வந்தால் இன்னொரு சோதனை. சித்திரையில் சாவகச்சேரிப் பக்கத்துக் கோயிலொன்றில் கொடியேறி, பஞ்சலிங்கத்தார் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஊர் அமைதியானது. நீங்கள் விரும்பின அதே அமைதி. எங்கள் வீட்டில் மட்டும் அலறல். அன்றைக்குப் பராசக்தியக்கா ஒரு கடகப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துத் தட்டினா. மக்டலீன் ஏமாறவில்லை. அக்கா எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா, யன்னலைச் சாத்தினா, பஞ்சலிங்கத்தார் எங்கள் வீட்டுக் கூரை வளையில் தொங்கவிட்டிருந்த பழைய தவிலை இறக்கினா, தவில் அடிக்கிற கூடுகளை விரல்களில் மாட்டினா. பிறகு அடித்தாவே ஒரு அடி! நான் கதிரையில் இருந்து கேட்ட தவில் எல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. தன்னுடைய தகப்பன் மாணாக்கருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அடுப்படியில் இருந்து கேட்டுப் பிடித்ததாம். புருஷனுக்கே தெரியாதாம். பிள்ளை உறங்கிய பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, ஆம்பிளையளுக்குச் சொல்லிப்போடாதை" என்றா. "அப்ப நான் ஆர்?" என்று கேட்டேன். "நீங்கள் போஸ்மாஸ்ரர்தானே" என்றா. அதைக் கேட்டுச் சின்னத்தங்கம் சிரித்தாள். மூத்தவன் போன பிறகு உங்கள் மகள் சிரித்தது அன்றைக்குத்தான் மாமா. வாயைப் பொத்திக்கொண்டு, பிள்ளை எழும்பிவிடும் என்று பயந்து பயந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். திருவிழா முடியும்வரை அக்கா நாள்தோறும் வந்து கதவைச் சாத்தினா. இந்தச் செய்தி உங்களோடு இருக்கட்டும், மீன்வாடியில் கதைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்புகிற மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எப்போதும் வெள்ளிக்கிழமை வந்து சேருகிறது. வெள்ளியில் எங்களுக்கு இறைச்சி விலக்கு, அதனால் மீன். சைவக்காரரான இவர்களுக்கு வெள்ளியில் மீனே விலக்கு. முதல் முறை வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் நான் முற்றத்தில் மீனோடு நின்றேன். பஞ்சலிங்கத்தார் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "மாமன் அனுப்பினதைக் கொட்டேலுமே? காய்ச்சுங்கோ மாஸ்ரர், காத்து அங்காலைதான் அடிக்குது" என்றார். காற்று அவர் வீட்டுப் பக்கம்தான் அடித்தது. இப்படிப்பட்ட மனிதர்.

ஆகையால் மாமா, நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். குருநகருக்கு ஓடிவர எங்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. கடற்காற்றும், கோயில் மணியும், மாமியின் கூழும் ஆருக்குக் கசக்கும்? எங்கள் இரண்டு பேருக்காக என்றால் நாளைக்கே வண்டில் கட்டுவோம். ஆனால் பிள்ளை இருக்கிறாளே! தவில் இல்லாத ஊரில் அவள் கண் மூடமாட்டாள். முழுக்க முழுக்க அவளுடைய நித்திரைக்காக, வேறு ஒரு காரணமும் இல்லாமல், இந்த வீட்டை இன்னும் ஒரு வருஷத்துக்கு எடுக்க நீங்கள் மனமிரங்கி உத்தரவு தர வேண்டும். பார்த்து வைத்த வீட்டை மச்சான் லியோனுக்குக் கொடுத்தால் வாக்கும் தப்பாது, அடித்த வெள்ளையும் வீண்போகாது. நீங்கள் எங்களுக்காகப் பட்ட பாட்டை நாங்கள் சாகுமட்டும் மறவோம்.

மாமிக்கும், மச்சானுக்கும், கேட்ட எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். காற்றும் கடலும் உங்கள் சொல் கேட்கவும், வலை நிறையவும், பரலோக மாதா உங்கள் வீட்டு வாசலைக் காக்கவும் உங்கள் பேத்தியின் பெயரால் மன்றாடும்,

கீழ்ப்படிவுள்ள மருமகன்
கனிசியஸ்

பின்குறிப்பு: மாமா, கடிதத்தை மடிக்கும்போதுதான் கவனித்தேன். வளவில் ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தால் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. சண்டிலிப்பாயில் அவர்களுடைய சொந்தத்துக்குள் கலியாணமாம், நான் எழுதத் தொடங்க முன்னமே எல்லோரும் வெளிக்கிட்டுவிட்டார்கள், பராசக்தியக்காவும் கூட. தவிலும் இல்லை, தட்ட ஆளும் இல்லை. மக்டலீன் சீலை ஏணைக்குள் வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. தவில் இல்லாமல் கண் மூடமாட்டாள் என்று நான் எழுதினதெல்லாம் அவள் உறங்கிக்கொண்டிருக்க எழுதினது.

சின்னத்தங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "தேறிட்டாள், என்ன? இனி எங்கையும் உறங்குவாள். அப்பு பாத்த வீட்டுக்குப் போறதெண்டால் போகலாம்" என்றாள். "ஓம், போகலாம்" என்றேன். இரண்டு பேருக்கும் பெரிய சந்தோஷம். பிறகு ஆளைக் காணவில்லை. தேடிப் போனால் படலையடியில் நின்று சண்டிலிப்பாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "என்ன பாக்கிறாய்?" என்றேன். "ஒண்டுமில்லை, அக்காவின்ரை வண்டில் வருகுதோ எண்டு" என்றாள்.

உத்தரவு கேட்டதை மறந்துவிடுங்கள் மாமா, பஞ்சலிங்கத்தார் தந்துவிட்டுப் போன அடுத்த வருஷச் சீட்டில் கையெழுத்து வைத்துவிட்டேன். அங்கே வந்தால் பிள்ளை உறங்குவாள். நாங்கள் ரெண்டு பேரும்தான் முழிச்சுக்கொண்டு கிடப்பம்.