கஜபதி இழுத்த ஒயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை நூம்பல் கிராமத்து வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் கஜபதி, மனைவி பார்வதம், மகள் வரலட்சுமி, பெண் பார்க்க வந்த ஆனந்தன், அவனுடைய தகப்பனார் ஜெயராமன், தாயார் லோகநாயகி. கடைசியாக எலெக்ட்ரீஷியன் வேம்புலியும் வந்தார். அவரைக் காலையிலேயே கூப்பிட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

காலையில் கூடத்து ஃபேன் சுற்றவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"வேம்புலியக் கூட்டினு வரட்டா?" என்றாள் பார்வதம்.

"பொண்ணு பாக்க வர்ற நாள்ல கஜபதி ஊட்ல ரிப்பேருன்னு ஊரு பேசணுமா?" என்றார் கஜபதி.

அவர் பாடி என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். கூரையானாலும் கிணற்றுச் சகடையானாலும் தங்கள் கையாலேயே பழுது பார்த்துக்கொண்ட குடும்பம். வெளியாள் கைவைத்தால் அது கௌரவக் குறைச்சல்.

ஸ்விட்சைக் கழற்றி ஒயரை மாற்றிச் சொருகினார். ஃபேன் சுற்றியது, சமையலறை விளக்கு அணைந்தது. விளக்கைச் சரிசெய்தார். ஃபேன் நின்றது, சட்னி அரைத்து முடித்த மிக்சி, யாரும் தொடாமலே மறுபடி அரைக்கத் தொடங்கியது.

மிக்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தச் சுவரில் ஓடிய ஒயர்களையே அவர் தள்ளிவைத்தார். வாசல் விளக்கிலிருந்து புது ஒயர் இழுத்து, இரும்பு கேட்டின் சட்டத்தோடு கட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். இன்சுலேஷன் டேப் இல்லை. விரல் வெட்டுப்பட்டால் ஒட்டும் பிளாஸ்திரியை ஒயர் முடிச்சில் சுற்றினார். ஃபேன் ஜோராகச் சுற்றியது.

இரும்பு கேட்டில் ஷாக் அடிக்குமோ என்று பார்வதத்துக்குச் சந்தேகம். கஜபதி இரண்டு கையாலும் அதைப் பிடித்து உலுக்கிக் காட்டினார்.

"இன்னா ஆச்சு? இங்கதான நிக்கறேன்?"

நின்றது தடித்த ரப்பர் செருப்பின் மேல் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

வந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். செருப்பை வெளியே விட்டு, பார்வதம் கொடுத்த சொம்புத் தண்ணீரில் காலைக் கழுவினார்கள். ஜெயராமன் ஈரக்காலோடு முதல் ஆளாக கேட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அவர் பாசத்தில் நடுங்குகிறார் என்று நினைத்த கஜபதி, கையைப் பற்றி வரவேற்கப் போனார்.

"தொடாத நைனா."

தலைகுனிந்து உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டிய வரலட்சுமி, அப்பாவைத் தடுத்துவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி மெயினை அணைத்தாள். ஜெயராமன் தரையில் உட்கார்ந்தார். தம் பெயர் நினைவுக்கு வரவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

இந்த முறை பார்வதம் யாரையும் கேட்கவில்லை. வேம்புலியோடுதான் திரும்பி வந்தாள். அவர் ஒயரைப் பிரித்துப் போட்டு, பழைய லைனைச் சரிசெய்துவிட்டு, பல்பு மாற்றுவதெல்லாம் வீட்டுக்காரரே செய்யலாம் என்றார்.

"ஆனா புதுசா ஒயரு இழுக்கறது, ஒண்ணப் போட்டா இன்னொண்ணு ஓடறது, தொட்டா ஷாக் அடிக்கறது, இதுல எது ஒண்ணு நடந்தாலும் ஆளக் கூப்டு அண்ணாத்தே."

"மூணும் நடந்துச்சி," என்றாள் பார்வதம்.

அம்மன் சந்நிதியைத் தவிர வேறெங்கும் குவியாத கஜபதியின் கை அன்று வேம்புலிக்கு முன்னால் குவிந்தது. ஓர் உயிர் தம் வாசல்வரை வந்து பிழைத்ததே என்ற நன்றியில், விருந்தாளிகளோடு வேம்புலியையும் உட்காரவைத்து, முதல் கரண்டி கேசரியை அவர் இலையில் தம் கையாலேயே வைத்தார்.

புறப்படும்போது ஜெயராமன், "ஊட்டுக்குப் போய்த் தகவல் சொல்லி அனுப்பறோம்," என்றார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். மகளின் முகத்தைப் பார்க்க கஜபதிக்குத் துணிவில்லை.

ஷாக் அடித்துச் சம்பந்தம் அறுந்தது என்று அந்த வாரம் பக்கத்து ஊரான கரையான்சாவடியின் கடைகள் முழுக்கப் பேச்சு. கஜபதி நிமிர்ந்த முதுகோடுதான் பஸ்ஸுக்குப் போனார். ஆனால் பின்தெரு வழியாக.

அடுத்த ஞாயிறு, பூவும் பழமும் நிறைந்த தட்டோடு லோகநாயகி வாசலில் வந்து நின்றாள். பக்கத்து வீட்டு முனியம்மா மதில் மேல் எட்டிப் பார்த்து, சம்பந்தம் அறுந்துவிட்டதாகச் சொன்னார்களே என்று கேட்டாள்.

"பொய்," என்றாள் லோகநாயகி. "எங்க ஊட்லயும் எங்க ஊட்டுக்காரரேதான் ஒயரு இழுப்பாரு, ஓடிப் போய் மெயின அணைக்கத் தெரிஞ்ச மருமவளத்தான் இத்தினி நாளா ஊரு ஊரா தேடிகினு இருந்தோம்."