ஒழுகிய பொலிஸ் கூடு

"ஒரு தகரந்தானே? ஒரு தகரத்தை மாத்த எதுக்குய்யா மூணு நாளு?" என்று கீழே நின்று சத்தம் போட்டார் சார்ஜன் புஹாரி.

மாரிசாமி கூரை மேல் இருந்தான். தகரத்தைத் தூக்கியவன் கையோடு அடியில் இருந்த கைமரமும் வந்துவிட்டது. வெளியே பார்க்க மரம். உள்ளே வெறும் தூள்.

"சார்ஜன் ஐயா, தகரம் நல்லாத்தான் இருக்குங்க. அதைத் தாங்குறதுதான் இல்லீங்க."

"அப்ப இத்தனை வருசமா எது தாங்கிச்சு?"

"பழக்கத்துல நின்னிருக்குங்க."

லுணுகலைப் பாதையில் ஒரு சின்னக் கடைவீதியின் பொலிஸ் கட்டடம் அது. தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்தில் கட்டியது. முன்னால் பொலிஸ்காரர்களுக்கு ஓர் அறை, பின்னால் பிடிபட்டவர்களைப் போட ஒரு கூடு. கூடு ஒழுகியது. பெரிய பொலிஸ் துரை பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்ததும், அறுபது ரூபாய்க்கு மாரிசாமியிடம் வேலையைக் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒரு சதம் கிடையாது என்று சார்ஜன் மூன்று தடவை சொன்னார்.

அந்த அறுபதில் மாரிசாமிக்கு நாற்பது மிஞ்சியாக வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் அவன் பேரில் நாற்பது ரூபாய் கடன். அதைக் கட்டினால்தான் தோட்டத்துத் துரை 'துண்டு' தருவார். இவன் கடன் தீர்ந்தது, இனி யாரும் இவனை வேலைக்கு எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட சீட்டு அது. அது இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால், இதே கூட்டில்தான் வந்து படுக்க வேண்டும். பதுளைப் பட்டணத்திலோ கட்டட வேலை கொட்டிக் கிடந்தது. துரை அவனை இரண்டு மாதம் வெளி வேலைக்கு விட்டிருந்தார். அதற்குள் கட்டாவிட்டால் பழையபடி மண்வெட்டி, பழையபடி விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வரிசையில் நிற்பது.

மனைவி கருப்பம்மா பேரிலும் முப்பத்தைந்து ரூபாய் கடன் இருந்தது.

"மொதல்ல நான் போறேன் புள்ள. ஒரு வருசத்துல ஒன் கடனையும் கட்டி ஒன்னயக் கூட்டிக்கிறேன்," என்று மாரிசாமி சொல்லியிருந்தான்.

"ஒரு வருசமா?" என்று கேட்டாள் அவள். அவ்வளவுதான். மாரிசாமி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

கைமரம் போனதும் கூரையைப் பிரிக்க வேண்டி வந்தது. கூரையைப் பிரித்ததும் மழை வந்தது. கூட்டுக்குள் இருந்தவன் ஒரே ஒரு கைதி, சடையன். பங்களாக் கோழிகள் எட்டைத் திருடியதாக வழக்கு. சாட்சி வராமல் வழக்கு தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவன் நனைந்தபடி கம்பிக்குப் பின்னால் நின்று, "ஐயா, மேல கம்பி இல்லீங்களே, ஓடிரவா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

சார்ஜன் தலையில் கை வைத்தார். "மாரிசாமி, கூரையைப் பிரிச்சவன் நீ. கூரை போடுற வரைக்கும் இவனுக்கு நீதான் எடம் பாக்கணும்."

மாரிசாமி குடியிருந்த லயம், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடு, பொலிஸுக்குப் பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கம். அதில் அவனுடையது கடைசி அறை, கடைசிக் காம்பரா. தோட்டத்துத் துரை சரி என்றார். மாரிசாமி தன் செலவில் ஜன்னலுக்குக் கம்பி அடித்தான், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். பூட்டு அரசாங்கத்துடையது. சாவி சார்ஜன் இடுப்பில். சடையன் உள்ளே படுத்தான். வீட்டுக்காரனும் வீட்டுக்காரியும் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுத்தார்கள்.

"சோறு ஒங்க வீட்டுலயே வடிச்சிருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார் சார்ஜன்.

மாரிசாமி விரல் விட்டு அரிசியைக் கணக்குப் பார்த்தான். லயத்தில் யார் தட்டில் அரிசி விழுந்தாலும் அது அந்தக் காம்பராக்காரன் பேரில் கடனாகத்தான் ஏறும். இருபது வருசமாக அவனுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். "கோழியத் தின்னது அவன். அரிசிக் கடன் எனக்கு," என்று முனகினான்.

"சோத்துக் கணக்க நான் பாத்துக்கிறேன். நீ செவரப் பாரு," என்றாள் கருப்பம்மா.

சடையன் நல்ல வேலைக்காரன். பகலில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று, காலில் விலங்கோடு மண் குழைக்க வந்தான். கூலி இல்லாத ஆள். மாரிசாமிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஐந்தாம் நாள் புதுக் கைமரங்களைத் தூக்கி வைக்கப் போகிற நேரத்தில் சடையன் கூப்பிட்டான்.

"மேஸ்திரி, இங்க வந்து பாருங்களேன்."

சுவரில் விரலை வைத்தான். விரல் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது விரலில் கரையான் ஊர்ந்தது.

"இது மேல மரத்த வச்சா நிக்குமா மேஸ்திரி?"

நிற்காது. சுவரை இடித்தார்கள். அறுபதில் பதினெட்டு ரூபாய் போனது.

சுவர் எழும்பி இடுப்பளவு வந்தபோது சடையன் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை நிலைக்கதவு. அதற்கடுத்த வாரம் முன்னறைச் சுவர்.

"ஒனக்கு மட்டும் எப்பிடிடா எல்லாம் கண்ணுல படுது?" என்று மாரிசாமி ஒரு நாள் கேட்டே விட்டான்.

"தொழில் அப்பிடிங்க. எந்தக் கூட்டுல எந்தப் பலகை உளுத்திருக்குன்னு பாத்துப் பாத்துக் கண்ணு பழகிருச்சு."

இதற்கிடையில் வேறு ஆட்களும் பிடிபட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பள நாளில் கள்ளுக்கடைச் சண்டையில் மூன்று பேர். சூதாட்டத்தில் இரண்டு பேர். எல்லாரும் மாரிசாமியின் காம்பராவுக்குத்தான் வந்தார்கள். சூதாட்டக்காரன் ஒருவன் இரண்டு கவளம் சாப்பிட்டதும், "அக்கா, அடுத்த தடவ பிடிச்சாலும் இங்கதானே கொண்டாருவாங்க?" என்று கேட்டான்.

மாரிசாமிக்கு அந்தப் பேச்சு சிரிப்பைத் தரவில்லை. "ஏன் புள்ள இவ்வளவு ருசியா ஆக்குற? கொஞ்சம் கெட்டுப் போற மாதிரி ஆக்கினாத்தானே திருந்துவானுங்க?"

"கையி அதுவா ஆக்குது. நான் என்ன செய்ய?"

அவள் சனிக்கிழமை தோறும் குளித்து, நல்ல சேலை கட்டி, உப்பு வாங்கக் கடைவீதிக்குப் போய் வந்தாள். எட்டுப் பேருக்குச் சமைக்கிற வீட்டில் உப்பு அதிகம் செலவாவதில் மாரிசாமி ஆச்சரியம் காணவில்லை.

ஒரு மத்தியானம் அவனுடைய சாந்துக் கரண்டி காம்பராவுக்குள் மாட்டிக்கொண்டது. பொலிஸ்காரர் தங்கராஜா சாப்பாட்டுக்காகக் கதவைத் திறந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, மூலையில் குனிந்து தேடினான். தங்கராஜா தலைகளை எண்ணினார், பூட்டினார், போய்விட்டார்.

"ஐயா! நான் மாரிசாமி! இது என் வீடு!"

"உள்ள இருக்கிறவன் எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லத்தான் செய்வான்," என்றபடி தங்கராஜா ஓடையைத் தாண்டினார்.

சாயங்காலம் கதவு திறந்தபோது, குழைத்து வைத்திருந்த சுண்ணாம்புச் சாந்து முழுவதும் கல்லாகியிருந்தது. இன்னொரு நான்கு ரூபாய்.

சடையன்தான் ஆறுதல் சொன்னான். "விடுங்க மேஸ்திரி. ஒரு நேரச் சோறு உக்காந்து சாப்பிட்டீங்கல்ல?"

இப்படியாக எட்டு வாரம் போனது. ஆனால் கட்டடம் எழும்பியது. புதுச் சுவர், புதுக் கைமரம், புது நிலை. அப்படி ஒரு கூடு அந்தப் பக்கத்தில் கிடையாது என்று கடைவீதியே வந்து பார்த்தது. கள்ளுக்கடைச் சண்டைக்காரர் மூவரும் புதுக் கூட்டின் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "லயந்தான் நல்லாருந்துச்சு," என்றார்கள்.

பெரிய பொலிஸ் துரை செவ்வாய்க்கிழமை குதிரையில் வந்தார். பிரம்பால் சுவரைத் தட்டினார். கம்பியை ஆட்டினார். "வெரி குட்," என்றார். அறுபது ரூபாயைச் சார்ஜன் எண்ணி மாரிசாமி கையில் வைத்தார். துரையின் குதிரை வளைவு திரும்புவதற்குள் மரக்காரன், தகரக் கடைக்காரன், சுண்ணாம்புக்காரன் மூவரும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாரிசாமி கையில் ஒன்றேகால் ரூபாய் மிஞ்சியது.

அவன் புது வாசற்படியில் உட்கார்ந்தான். தோட்டத்துத் துரை கொடுத்த இரண்டு மாதத்தில் மூன்று நாள் பாக்கி. கருப்பம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"கட்டடம் நல்லா இருக்குய்யா," என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. அதுக்குள்ள என்னயே புடிச்சிப் போடச் சொல்லு."

அப்போதுதான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இராமநாதன் குடையோடு வந்து சேர்ந்தார். பேரேட்டுக்குள்ளிருந்து இரண்டு சீட்டு எடுத்தார்.

"இந்தாப்பா, ஒன் துண்டு. இது கருப்பம்மா துண்டு. ரெண்டு பேருக்கும் கடன் இல்ல. நாளைக்கே பதுளைக்குப் போறதுன்னாலும் போகலாம்."

மாரிசாமி எழுந்து நின்றான். "பிள்ளை ஐயா, ஆள் மாறி வந்துட்டீங்க."

"கருப்பம்மா நேத்துச் சாயங்காலம் எழுபத்தஞ்சு ரூவா எண்ணி வச்சிட்டுப் போயிருக்கா. நான் ஏன் ஆள் மாறுறேன்?"

மாரிசாமி மனைவியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏது புள்ள இவ்வளவு காசு?"

சார்ஜன் சிரித்துவிட்டார். "ஏதுன்னா? கைதிக்குச் சோறு போட்டாத் தலைக்கு நாளுக்கு நாப்பது சதம் கவுருமெண்டு தருது. காம்பராவுக்கு வாடகை வேற. சனிக்கிழமை சனிக்கிழமை கருப்பம்மாதான் வந்து கைநாட்டு வச்சு வாங்கிட்டுப் போனாங்க. ஒனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு நீங்க உள்ள இருந்தீங்கல்ல, அதுக்கும் சேர்த்து வாங்கிட்டாங்க," என்றார் தங்கராஜா. "எண்ணிக்கையில ஏறிருச்சே."

மாரிசாமிக்கு முதலில் கோபம் வரப் பார்த்தது. அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. துண்டுகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டிலும் ஒரே தேதி. ஒரே கையெழுத்து.

"ஒரு வருசம் தனியா இருக்க என்னால ஆகாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான் மெதுவாக.

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"சரி, போகட்டும். இந்தக் கட்டடம் மட்டும் இவ்வளவு கேடா இல்லாமப் போயிருந்தா, ரெண்டு வாரத்துல வேலை முடிஞ்சு, ஒங் கைக்கு என்ன கெடச்சிருக்கும்? கரையானுக்குத்தான் நாம கும்பிடு போடணும்," என்றான் மாரிசாமி.

சடையனின் வழக்கு அன்றைக்குத்தான் தள்ளுபடியாகியிருந்தது. கோழிகளை அடையாளம் காட்ட எவனும் வரவில்லை. விலங்கு கழன்ற காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் தலை நிமிர்ந்தான்.

"கரையானுக்கு எதுக்குங்க கும்பிடு?" என்றான். "சார்ஜன் ஐயா வீட்டுக்குப் பின்னால இருக்கிற புத்துலேர்ந்து தெனம் ஒரு செரட்டை அள்ளிக் கொண்டாந்து, நல்ல செவரா பாத்து ஓட்டை போட்டு விட்டது நானு, ஓட்டைக்கு ஒரு கருவாடுன்னு எனக்குக் கூலி பேசினது கருப்பம்மா அக்கா!"