நாலேகால் நானா

இலங்கையில் அரசாங்க நேரத்தை அரசாங்கத்தைவிட அதிகமாக மதித்த ஒரே மனிதர் எங்கள் நாலேகால் நானாதான். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். மாத்தளை பிரதேச செயலகத்தில் ஏழு வருஷம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்த லிகிதர் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அலுவலகம் விடும் நேரமான மாலை நாலேகால் அடித்தால் போதும், பாதி எழுதிய சொல்லோடு பேனாவை மூடிவிடுவார். 'கௌரவ' என்று நிற்கும் கடிதத்தில் 'அமைச்சர்' மறுநாள் காலைதான் வருவார். நாலரை மணிக்கு நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனால், மூன்று மகள்களும் முற்றத்தில் வலை கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். ஐம்பத்தைந்து வயதில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பட்மின்டன் ஆடுவார். தினமும் தோற்பார்.

ஆனால் அதுவரைக்கும் மனிதர் இயந்திரம். மற்றவர்கள் மூன்று நாள் இழுக்கும் கோப்பு அவரிடம் பகல் சோற்றுக்கு முன் முடிந்துவிடும்.

புதிதாக மேலதிகாரியாக வந்த பெரியவர் இதையெல்லாம் பார்க்கவில்லை. காலியான நாற்காலியைத்தான் பார்த்தார். "இனிமே எல்லாரும் ஆறு மணி வரைக்கும் இருக்கணும்" என்று உத்தரவு போட்டார்.

நாங்கள் இருந்தோம். வேலைதான் நடக்கவில்லை. நானாவும் மாறிப்போனார். பத்து நிமிஷக் கோப்பைப் பின்னேரம் முழுக்கப் புரட்டினார். கேட்டால், "ஆறு மணி வரைக்கும் நேரம் கெடக்குதே தம்பி" என்பார். வீட்டுக்குப் போகும்போது மகள்கள் வலையை அவிழ்த்துச் சுருட்டியிருப்பார்களாம். அதைச் சொன்ன அன்று அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் தேயிலைத் தோட்டத்திலிருந்து முத்தையா என்ற முதியவர் ஒரு கடிதத்தோடு வந்தார். 'தாங்கள் காலமாகிவிட்டதால் தங்களது முதியோர் கொடுப்பனவு நிறுத்தப்படுகிறது.' அவர் பெயருக்கே வந்திருந்தது.

"நான் எப்ப செத்தேங்கய்யா? வீட்டுல யாருமே சொல்லலீங்களே!"

பெரியவர் வெளியே வந்து கத்தினார். "யார் செஞ்ச வேலை இது?"

நானா எழுந்தார். "நான்தான் சேர். ரெண்டு முத்தையா இருந்தாங்க. ஆள் மாறிப்போச்சு."

"நீங்களா? உங்க கையில பிழையே வராதுன்னாங்களே?"

"நாலேகால் வரைக்கும் என்னய எப்படி வேணும்னாலும் புழிஞ்சு எடுங்க சேர். அதுக்குப் பொறகு இங்க இருக்குறது வெறும் சட்டைதான்."

முத்தையாதான் பேசினார். "அவர வீட்டுக்கு விட்ருங்கய்யா. இல்லாட்டி எங்க தோட்டத்துல பாதிப் பேர எழுதியே கொன்னுபுடுவாரு!"

பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் உத்தரவு வாபஸானது. திருத்திய கடிதத்தைத் தபாலில் போட நானாவுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை மகள்களையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கே போய், முத்தையாவின் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

பிறகு எனக்குக் கலேவெலைக்கு இடமாற்றம் வந்தது. இங்கேயும் நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் ஒரு கடிதத்தை எழுதி முடித்ததும், "சரியா நானா?" என்று கேட்க என் தலை தானாகப் பக்கத்து மேசைக்குத் திரும்பிவிடுகிறது.