துரை ஓட்டிப்போன கார்

1958. இரண்டு மாதமாகத் தங்கவயல் ஸ்கெலட்டன் மைதானத்தில் கூடிய கூட்டத்தைப் பார்த்துச் சினிமாக் கொட்டகைக்காரர் பகல் காட்சியை நிறுத்திவிட்டார். கொட்டகையில் கதாநாயகன் பாடத்தான் பாடுவான். மைதானத்தில் ஒரு சாமியார் காரே இல்லாமல் கார் ஓட்டினார்.

ஸ்டியரிங் சாமி என்று பெயர். கழுத்தில் உருத்திராட்சம், கையில் ஒரு பழைய ஸ்டியரிங் சக்கரம். சிஷ்யன் உடுக்கை அடிக்க, அருள் வந்ததும் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்புவார். வளைவு வந்தால் சாய்வார். வாயாலேயே ஹாரன் அடிப்பார். முன்வரிசை பயபக்தியோடு வழி விடும்.

அவர் சொன்ன சேதி இதுதான். தங்கச் சுரங்கத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதும் வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறினார்கள். அவர்களுடைய பழைய கார்கள் ஏறவில்லை. இங்கேயே கைமாறி நின்றுவிட்டன. சீமைக்குப் போன துரைகள் ஒவ்வொருவராகச் செத்து, ஆவியாகி, தம் காரைத் தேடித் தங்கவயலுக்குத் திரும்புகிறார்கள். கிடைத்ததும் ஓட்டிக்கொண்டு சீமைக்கே போய்விடுகிறார்கள்.

வழியில் கடல் இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை.

தடுக்க ஒரே வழி, ஸ்டியரிங்கில் சாமி மந்திரித்த கறுப்புக் கயிறு. கட்டணம் கிடையாது. துரைக்குப் படையல் மட்டும்: கோழி ரோஸ்ட், பிளம் கேக், டின் வெண்ணெய், ஒரு பெட்டி சுருட்டு. அதற்கு மேல் காணிக்கை, அவரவர் பயத்துக்குத் தக்கபடி. துரை வாசனை மட்டும் பிடிப்பார். மற்றதைச் சாமி சிரமப்பட்டுத் தீர்ப்பார்.

மூன்று கார்கள் போயிருந்தன. மூன்றும் கயிறு கட்டாதவை. மூன்றும் சாமி நாள், நேரம் குறித்துச் சொன்னபடி பட்டப்பகலில், ஊரே மைதானத்தில் இருக்கும்போது போனவை. கயிறு கட்டிய கார் ஒன்றுகூடப் போகவில்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? போலீசுக்கும் யாரும் போகவில்லை. செத்த துரைமேல் எப்படிக் கேஸ் கொடுப்பது?

மூன்றாவதாகப் போனது மளிகைக்கடை பாண்டுரங்கனின் மாரிஸ். போன துக்கத்தில் அவர் முதல் பக்தரானார். கட்டுவதற்குக் கார் இல்லாததால் கயிற்றைத் தம் கையிலேயே கட்டிக்கொண்டார்.

நாலாவது, ஜம்புலிங்கத்தின் முறை. நந்திதுர்க் சுரங்கத்தில் பம்பு ஃபிட்டர். துரு ஏறிக் கிடந்த ஓர் ஆஸ்டினை வாங்கி, பிரித்துப் பிரித்துச் சேர்த்து, இரண்டு வருஷத்தில் ஓட வைத்தவர். வெள்ளிக்கிழமை மகள் மணியம்மாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து மாப்பிள்ளையைக் காரில் அழைக்க வேண்டும், அவ்வளவுதான். பத்திரிகையிலும் அச்சடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை சாமி சக்கரத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"ஆஸ்டின் துரை வந்துட்டாரு, மவனே. புதன்கிழமை நாலு மணிக்கு எடுத்துக்கினு பூடுவாரு."

அன்று சோறு போடும்போது மனைவி மங்கம்மா ஆரம்பித்தாள்.

"ஒரு கயிறுதானேங்க. கட்டிட்டுப் போங்களேன்."

"துரை உசுரோட இருந்தப்பவே அந்தக் கார் மேடு ஏறாது. இப்ப சீமை வரைக்கும் போவுமா?"

"கிண்டல் வேணாம். கார் பூட்ச்சின்னா மாப்பிள்ளை இன்னா நடந்தா வருவாரு? அவரு அத்தைக்காரி வாயைப் பாத்தீங்க இல்ல?"

ஜம்புலிங்கத்துக்கும் அந்த வாயை நினைத்தால் பயம்தான். துரையை நினைத்தால் வராத பயம். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"பாண்டுரங்கன் கார் போன அன்னிக்கு உடுக்கை யாரு அடிச்சாங்க?"

"யாரும் அடிக்கல. சிஷ்யன் சம்பங்கிக்கு ஜுரமாம்."

"அதுக்கு முந்தின கார் போனப்ப?"

"அன்னிக்கும் ஜுரம்."

"மொத கார்?"

மங்கம்மா கரண்டியோடு நின்றாள். "அன்னிக்கும் உடுக்கை கேக்கல."

"துரை வந்தா அவனுக்கு ஜுரம் வருது பாத்தியா. கொஞ்சம் ரசம் ஊத்து."

சுரங்கத்தில் பம்பைப் பிரிக்கும் ஃபிட்டர் முதலில் அதன் ஃப்யூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். யாரோ தெரியாமல் மேலே ஸ்விட்சைப் போட்டாலும் கை போகாது. கயிறு கட்டிவிட்டு எந்த ஃபிட்டரும் பம்புக்குள் கை விட்டதில்லை.

புதன்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த ஜம்புலிங்கம் ஆஸ்டினின் பானட்டைத் திறந்தார். கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு ஒன்றைக் கழற்றினார். ரோட்டர். அது இல்லாவிட்டால் எஞ்சினுக்குப் பொறி போகாது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மனைவியோடு மைதானத்துக்குப் போனார்.

"சம்பங்கி எங்க சாமி?"

"ஜுரம், மவனே."

மங்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பாண்டுரங்கன் கடிகாரத்தைப் பார்த்து, "மணி நாலு, சாமி" என்றார்.

சாமி சக்கரத்தைப் பிடித்தார். "ஏறிட்டாரு. ஸ்டார்ட் பண்ணிட்டாரு. கெளம்பிட்டாரு." ஹாரன் அடித்தார். இடப்பக்கம் சாய்ந்தார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி," என்றார் ஜம்புலிங்கம். "கெளம்பிட்டாரா?"

"ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டிட்டாரு."

"அப்ப எல்லாரும் வாங்க. கார் நின்ன எடத்தையாவது கும்பிட்டுட்டு வரலாம்."

சக்கரம் நின்றது. "இப்ப போகக் கூடாது. துரை கோவிச்சுக்குவாரு."

"ஆண்டர்சன்பேட்டையே தாண்டிட்டாருன்னீங்களே," என்றார் பாண்டுரங்கன். "இங்க இல்லாதவரு எப்படிக் கோவிச்சுக்குவாரு?" இரண்டு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கூட்டம் நடந்தது. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. கர், கர், கர்.

ஆஸ்டின் அங்கேயே நின்றது. பானட் திறந்திருந்தது. முன்னால் சம்பங்கி, மேல்சட்டையில்லாமல், எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஜுரத்தில் இவ்வளவு வேர்த்து யாரும் பார்த்ததில்லை.

நிமிர்ந்தவன் ஊரைப் பார்த்தான். பழக்கதோஷத்தில் சொன்னான்: "துரை உள்ள கீறாரு. ஹேண்டில் அடிக்கச் சொன்னாரு."

மங்கம்மா எட்டிப் பார்த்தாள். "காலியா கீது."

"ஆவி கண்ணுக்குத் தெரியாது, அக்கா."

ஜம்புலிங்கம் ரோட்டரை எடுத்து எல்லாரும் பார்க்கப் பிடித்தார். "இது இல்லாம வண்டி ஓடாது. வருஷக்கணக்கா ஓட்டின துரைக்கு, இது இல்லைன்னு பாத்ததும் தெரியும். அரை மணியா அடிக்கற, உனக்குத் தெரியல. அப்ப வந்தது துரையா, நீயா?"

சம்பங்கி ஹேண்டிலைக் கீழே போட்டான்.

"என் மாரிஸ் எங்கடா?" என்றார் பாண்டுரங்கன்.

"பேத்தமங்கலம் ரோடுண்ணே. செங்கல் சூளைக்குப் பின்னால. மூணையும் தார்ப்பாய் போட்டு வெச்சிருக்கோம்."

"சீமை அவ்ளோ கிட்டயா கீது," என்றாள் மங்கம்மா.

மைதானத்தில் ஸ்டியரிங் சக்கரம் மட்டும் கிடந்தது. பக்கத்தில் சுருட்டு புகைந்தது. சாமியை மாரிக்குப்பம் ஸ்டேஷனில், ரயிலுக்குக் காத்திருக்கும்போது பிடித்தார்கள். ஏன் காரில் போகவில்லை என்று போலீஸ்காரர் கேட்டார். தனக்கு ஓட்டத் தெரியாது என்றார் சாமி.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஆஸ்டினில் வந்தார். மேட்டில் நாலு பேர் தள்ளினார்கள். அத்தைக்காரி பின்சீட்டில் வாயைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பந்தலில் பாண்டுரங்கன் ஜம்புலிங்கத்தைத் தனியே அழைத்தார். கையில் மாரிஸின் ரோட்டர்.

"இதைக் கொஞ்சம் மந்திரிச்சுக் குடுப்பா."

"மந்திரிக்க வேணாம்ண்ணே. எறங்கும்போது கழட்டிக்கினா போதும்."

பாண்டுரங்கன் யோசித்தார். பிறகு கையிலிருந்த கறுப்புக் கயிற்றையும் கழற்றினார்.

காரை விட்டு இறங்கும்போது கழற்ற வேண்டியது ரோட்டர். சாமியாரைப் பார்க்கப் போகும்போது கழற்றி வைக்கக் கூடாதது மூளை. ஊர் இரண்டு மாதமாக இதை மாற்றிச் செய்துகொண்டிருந்தது.